மேயர் அங்கி, கழுத்தில் சங்கிலி, பக்கத்தில் கதாயுதம்: இந்த வேஷமெல்லாம் இன்னும் எதற்கு?

தூங்காமூஞ்சி:
இரண்டு நாளாக ஒரு படம் மண்டையைக் குடைகிறது. இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரின் மேயர். சிவப்பு அங்கி, ஓரமெல்லாம் ரோமம், தோளிலிருந்து நெஞ்சு வரை தொங்கும் தங்கச் சங்கிலி, கையில் மூன்று முனைத் தொப்பி. பக்கத்தில் ஒருவர் கதாயுதம் மாதிரி ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். இத்தனை ஏற்பாட்டோடு அவர்கள் திறந்து வைத்தது ஒரு நீச்சல் குளம்.

சிரிப்பு வந்தது உண்மைதான். அப்புறம் யோசித்தால் இரண்டு கேள்விகள். இந்த உடுப்பு எங்கிருந்து வந்தது? ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆளுக்கு ராஜா காலத்து வேஷம் எதற்கு? சாதாரண கோட்டில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தால் குளம் திறக்காதா? என் கட்சி: எல்லாவற்றையும் மூட்டை கட்டி அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடலாம். மறுப்பவர்கள் வரலாம்.

ஏட்டுச்சுவடி:
மறுக்கிறேன், ஆனால் மெதுவாக. முதலில் ரோமிலிருந்து வருவோம், ஏனென்றால் பதவிக்கு உடுப்பு என்கிற ஏற்பாட்டை அவர்கள் அளவுக்குக் கறாராக வைத்திருந்தவர்கள் குறைவு.

சாதாரணக் குடிமகனுக்குச் சாயம் போடாத கம்பளி டோகா, அதாவது உடம்பைச் சுற்றிப் போர்த்தும் நீளத் துணி. கான்சல், பிரீட்டர் போன்ற உயர் பதவிக்காரர்களுக்கு அதே டோகாவில் ஊதாக் கரை. செனட்டர்களின் உள்ளங்கியில் அகலமான ஊதாப் பட்டை, அதற்கு அடுத்த வகுப்பாருக்குக் குறுகிய பட்டை. தூரத்திலிருந்து பார்த்தாலே யாரிடம் என்ன அதிகாரம் என்று தெரிந்துவிடும். கான்சலுக்கு முன்னால் 12 பேர் கழிகளைக் கட்டாகக் கட்டிச் சுமந்து நடப்பார்கள். நகர எல்லைக்கு வெளியே அந்தக் கட்டுக்குள் கோடரியும் செருகியிருக்கும். எல்லைக்குள் வந்ததும் கோடரியை எடுத்துவிட வேண்டும். ஊருக்குள் ஒரு குடிமகனின் தலையைத் தன் இஷ்டத்துக்கு எடுக்க இவருக்கு உரிமை இல்லை என்பதை ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிடுகிறார்கள் பாருங்கள்.

தேர்தலில் நிற்பவர்கள் டோகாவில் சுண்ணக்கட்டித் தூள் தேய்த்துப் பளீரென்று வெளுப்பாக்கிக்கொண்டு வாக்குக் கேட்கப் போவார்கள். வெண்மைக்கான லத்தீன் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘கேண்டிடேட்’ வந்தது.

நக்கல்நாயகம்:
ஆக, ஓட்டுக் கேட்க வருகிறவர் பளீர் வெள்ளையில் வர வேண்டும் என்பது இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. தேர்தல் முடிந்ததும் அந்தத் தூள் உதிர்ந்துவிடும் என்பதையும் அப்போதே கவனித்திருப்பார்கள்.

சாயத்தொட்டி:
ஊதா ஏன், சிவப்பு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன், இது என் பிடித்தமான விஷயம்.

ரோமானிய ஊதா கடல் நத்தையிலிருந்து வந்தது. 1909இல் பால் ஃபிரீட்லேண்டர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்தச் சாயம் என்னவென்று கண்டுபிடிக்க 12,000 நத்தைகளை உடைத்தார். கிடைத்தது 1.4 கிராம். ஒரு துணிக்குக் கரை போட எத்தனை நத்தை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நத்தைகளை அழுகவிட்டுச் சாயம் எடுக்கும் இடத்தின் நாற்றம் பற்றிப் பழைய எழுத்தாளர்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

மேயர் அங்கியின் சிவப்புக்கு வேறு கதை. இடைக்கால ஐரோப்பாவில் ‘ஸ்கார்லட்’ என்பது முதலில் நிறத்தின் பெயரே இல்லை, மிக உயர்ந்த ரகக் கம்பளித் துணியின் பெயர். அந்த விலை உயர்ந்த துணிக்கு விலை உயர்ந்த சிவப்பைத்தான் பெரும்பாலும் ஏற்றினார்கள் என்பதால் பெயர் நிறத்துக்கு ஒட்டிக்கொண்டது. அந்தச் சிவப்பு ஓக் மரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் கெர்மீஸ் என்ற பூச்சியிலிருந்து எடுத்தது. உலர்ந்தால் தானிய மணி போல இருக்கும், விதை என்றே பலர் நினைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவிலிருந்து கொச்சினீல் பூச்சி வந்ததும் கெர்மீஸின் காலம் மெல்ல முடிந்தது.

சுருக்கமாக, நத்தையும் பூச்சியும்தான் அதிகாரத்துக்கு நிறம் கொடுத்தன.

தூங்காமூஞ்சி:
நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தானே பலம் சேர்க்கிறது? காசு இருக்கிறது என்று காட்டுவதற்கான உடுப்பு. அவ்வளவுதான்.

ஏட்டுச்சுவடி:
அவ்வளவுதான் என்றால் காசு உள்ள எவனும் போட்டுக்கொள்ளலாமே? அங்கேதான் சட்டம் வருகிறது. இங்கிலாந்தில் 1363லேயே யார் எந்தத் துணி, எந்த ரோமம் போடலாம் என்று சட்டம் போட்டார்கள். அந்த மாதிரிச் சட்டங்கள் 1604 வரை வெவ்வேறு வடிவத்தில் இருந்தன. கையில் பணம் வைத்திருந்த வணிகனுக்கு அவை எரிச்சல். ஆனால் அதே வணிகன் நகரத் தலைவனாகத் தேர்வானால் சிவப்பும் ரோமமும் அணியலாம். பிறப்பால் வராத மரியாதை பதவியால் வருகிறது. பிரபு வீட்டில் பிறக்காத ஒரு துணி வியாபாரி பிரபுவைப் போல உடுத்தி ராஜா முன்னால் போய் நிற்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமா? ராஜாவின் வேஷத்தைப் போடுகிறார்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான் அதை ராஜாவிடமிருந்து நகரம் பேரம் பேசி வாங்கியதாகப் பார்க்கிறேன்.

லண்டனில் அது அப்படியேதான் நடந்தது. 1215இல் ஜான் மன்னர் கொடுத்த சாசனப்படி லண்டன்வாசிகள் தங்கள் மேயரை ஆண்டுதோறும் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு அந்த மேயர் நேரில் போய் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். அந்தப் பயணம்தான் இன்றும் நவம்பரில் நடக்கும் லார்டு மேயர் ஊர்வலம்.

ஊசிமுனை:
வரலாறு தெரிந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு தையல்காரியும் நடுவில் நுழைகிறேன். நாடகக் குழுக்களுக்கு உடை தைப்பது என் தொழில். ஒரு முறை மேயர் அங்கி ஒன்று தைத்தேன். சிவப்பு வெல்வெட், முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் செயற்கை ரோமம், முழங்கைக்குக் கீழே தொங்கும் நீளக் கை.

முதல் தடவை கெடுத்தேன். வெல்வெட்டை மேலிருந்து கீழாகத் தடவினால் ஒரு நிறம், கீழிருந்து மேலாகத் தடவினால் இன்னொரு நிறம். துணி மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு துண்டைத் தலைகீழாக வெட்டிவிட்டேன். மேஜையில் தெரியவில்லை. மேடை விளக்கு விழுந்ததும் இடது பாதி ரத்தச் சிவப்பு, வலது பாதி வெளிறிய சிவப்பு. ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்து வேறு துண்டு வைத்துத் தைத்தேன்.

அங்கியை மாட்டியதும் அந்த நடிகர் தானாகவே மெதுவாக நடக்க ஆரம்பித்தார். இதில் நடிப்பு ஒன்றும் இல்லை. பாரம் அத்தனையும் தோளில் உட்காரும். வேகமாகத் திரும்பினால் துணி அரை நொடி கழித்துத்தான் திரும்பும். கையை உயர்த்தினால் தொங்கும் கை மேஜை மேல் உள்ளதைத் தட்டிவிடும். அந்த உடுப்பில் ஓட முடியாது, குனிந்து எதையும் எடுக்க முடியாது, தோளைக் குறுக்கிக்கொண்டு உட்காரவும் முடியாது. கண்ணியமாக நடந்துகொள்ளாவிட்டால் விழுந்துவிடுவோம் என்ற பயத்திலேயே கண்ணியம் வந்துவிடும்.

சங்கிலி இன்னொரு தொல்லை. கழுத்தில் மாலை மாதிரிப் போட்டால் நழுவி ஒரு பக்கமாகச் சரியும். அது தோள்களின் மேல் பரந்து உட்கார வேண்டும். அதனால் தோள்பட்டையில் சின்ன வளையம் தைத்து அதில் கொக்கி மாட்டினேன்.

தூங்காமூஞ்சி:
ஊசிமுனை அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. உடுப்பு ஆளை நடத்துகிறது என்கிறீர்கள். சரி, சங்கிலிக்கு வருவோம். அது எப்போதிலிருந்து? கைதிக்குப் போடுவதை மேயருக்குப் போட்டது யார்?

ஏட்டுச்சுவடி:
இடைக்கால இங்கிலாந்தில் பெரிய பிரபுக்கள் தங்கள் ஆட்களுக்குச் சின்னம் பொறித்த கழுத்தணி கொடுப்பார்கள். இவன் எங்கள் வீட்டு ஆள் என்று அர்த்தம். லங்காஸ்டர் வம்சத்தின் கழுத்தணியில் ‘எஸ்’ எழுத்து வரிசையாகக் கோத்திருக்கும். அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 1527இல் ஹோல்பைன் வரைந்த தாமஸ் மோரின் ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். வெல்வெட் கை, ரோமக் கழுத்து, அதன் மேல் அந்த ‘எஸ்’ சங்கிலி. அரசரின் ஊழியர் என்ற அடையாளம். லண்டன் மேயராக இருந்த சர் ஜான் ஆலன் 1540களில் தன்னுடைய கழுத்தணியை அடுத்தடுத்து வரும் மேயர்கள் அணியட்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். இன்றும் லார்டு மேயர் அணிவது அதைத்தான். டப்ளின் மேயரின் பெரிய சங்கிலி 1698இல் மூன்றாம் வில்லியம் கொடுத்தது.

இவையெல்லாம் விதிவிலக்கு. நீங்கள் படத்தில் பார்த்த சங்கிலி பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு முந்தையதாக இருக்காது.

கலகக்குரல்:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். ஆதி காலத்துப் பாரம்பரியம் என்று பெருமை பேசுவதில் பாதி விக்டோரியா காலத்து நகைக்கடை வேலை. 1835இல் நகராட்சிச் சீர்திருத்தச் சட்டம் வந்து 178 ஊர்களில் தங்களுக்குள்ளேயே ஆள் சேர்த்துக்கொண்ட பழைய மூடிய மன்றங்களைக் கலைத்து வரி கட்டுபவர்கள் ஓட்டுப் போடும் மன்றங்களை உருவாக்கியது. புதிதாக வந்தவர்களில் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? அங்கியும் விருந்துப் பாத்திரமும் ஊழலின் சின்னம் என்று சொல்லி ஏலம் விட்டார்கள். லெஸ்டரில் ஊரின் கதாயுதத்தையே விற்றார்கள். தூங்காமூஞ்சி, உங்களுக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள்.

நாற்பது ஐம்பது வருடத்தில் அதே ஊர்கள் புதுச் சங்கிலி செய்யச் சொல்லி வரிசையில் நின்றன. லெஸ்டர் தன் கதாயுதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஆலை முதலாளி மேயரானால் தன் பெயர் பொறித்த ஒரு கண்ணியைச் சங்கிலியில் சேர்ப்பார். அடுத்தவர் சும்மா இருப்பாரா? அவரும் சேர்ப்பார். இப்படி வளர்ந்து நெஞ்சை மூடிய சங்கிலிகள் உண்டு.

ஏட்டுச்சுவடி:
கலகக்குரல் சொன்ன தகவல் சரி. முடிவில்தான் வேறுபடுகிறேன். விற்றவர்களே திரும்ப வாங்கினார்கள் என்றால் அதில் வெறும் பகட்டு மட்டும்தானா? திடீரென்று பெருத்த தொழில் நகரங்களில் ஒருவரை ஒருவர் தெரியாத ஜனம். நாங்களும் ஓர் ஊர்தான் என்று காட்ட ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர் பொறித்த கண்ணி விளம்பரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வருடம் முடிந்ததும் கழற்றி இன்னொருவரிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நகை அவருடையது அல்ல, நடுவில் உள்ள ஒரு கண்ணியில் பெயர் மட்டும்தான்.

பட்டணத்துப்பறவை:
பிரான்ஸ் பக்கம் வாருங்கள், அங்கே இந்தச் சண்டையே வேறு மாதிரி. ஒரு சக ஊழியரின் திருமணத்துக்காக அங்குள்ள நகரமன்றத்துக்குப் போயிருந்தேன். துணை மேயர் சாதாரண சாம்பல் கோட்டில் வந்தார். மாடிப்படிப் பக்கத்தில் நின்று பையிலிருந்து நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டையை எடுத்து வலது தோளிலிருந்து இடது இடுப்புக்குக் குறுக்காகப் போட்டுக்கொண்டார். நுனியில் வெள்ளிக் குஞ்சம். மேயராக இருந்தால் தங்கக் குஞ்சமாம். அறைக்குள் போய்ச் சட்டப் பிரிவுகளை வாசித்தார், இருவரிடமும் சம்மதம் கேட்டார், கையெழுத்து வாங்கினார். வெளியே வந்து பட்டையைக் கழற்றி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எங்களோடு நின்று அரட்டை அடித்தார். அரை மணி நேரம் குடியரசாக இருந்துவிட்டு மறுபடி பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

அந்தப் பட்டை 1790லிருந்து வருகிறது. இன்னொரு நுணுக்கம்: மேயர் நீலம் கழுத்துப் பக்கம் வருமாறு போடுவார், நாடாளுமன்ற உறுப்பினர் சிவப்பு கழுத்துப் பக்கம் வருமாறு போடுவார். கூட்டத்தைப் பலம் கொண்டு கலைப்பதற்கு முன் எச்சரிக்கை விடும் அதிகாரியும் தன் பதவியைக் காட்டும் பட்டையோடு நின்றுதான் எச்சரிக்க வேண்டும். கலைந்து போ என்று சொல்வது யார் என்று ஜனத்துக்குத் தெரிந்தாக வேண்டும் என்பது கணக்கு. இத்தாலி மேயர்களும் தங்கள் கொடியின் மூவண்ணப் பட்டைதான் போடுகிறார்கள்.

கலகக்குரல்:
பிரான்ஸ் என்றதும் எனக்கு 1789 மே மாதம் நினைவுக்கு வருகிறது. வெர்சாய் அரண்மனையில் குருமார், பிரபுக்கள், சாமானியர் என மூன்று பிரிவுப் பிரதிநிதிகள் கூடியபோது யார் என்ன உடுத்த வேண்டும் என்று அரண்மனை உத்தரவு போட்டது. பிரபுக்களுக்குத் தங்க வேலைப்பாடும் இறகு வைத்த தொப்பியும். சாமானியர் பிரதிநிதிகளுக்கு வெறும் கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, ஒரு சரிகை கூடக் கிடையாது. அவமானப்படுத்தவே போட்ட உத்தரவு. ஆனால் தெருவில் நின்ற ஜனம் அந்தக் கறுப்புக் கோட்டுகளைப் பார்த்துத்தான் ஆரவாரம் செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிரிவுக்கொரு உடுப்பு என்கிற ஏற்பாடே ஒழிந்தது. உடுப்பால் ஆளை ஒதுக்கவும் முடியும் என்பதை மறந்துவிட்டுப் பெருமை பேசாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சாயத்தொட்டி:
சீனாவை விட்டுவிட்டீர்களே. மிங் அரசு 1391இல் விதி வகுத்தது: அதிகாரிகளின் அங்கியில் நெஞ்சிலும் முதுகிலும் சதுரமான பூவேலைத் துண்டு. நிர்வாக அதிகாரிகளுக்குப் பறவை, படைத் தலைவர்களுக்கு விலங்கு. முதல் நிலை நிர்வாகிக்குக் கொக்கு. பேரரசு 1912இல் முடியும் வரை, அதாவது ஐந்நூறு வருடத்துக்கு மேல் இது ஓடியது. கொக்கைப் பார்த்தால் நீ குனிய வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

நக்கல்நாயகம்:
உடுப்பைத் தானே கூட்டிக்கொண்டவரும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் 1995இல் தன் கறுப்பு அங்கியின் ஒவ்வொரு கையிலும் நான்கு தங்கப் பட்டை வைத்துத் தைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு நகைச்சுவை இசை நாடகத்தில் வரும் நீதிபதியின் உடுப்பைப் பார்த்து ஆசைப்பட்டாராம். அவருக்குப் பின் வந்தவர் கறுப்போடு நிறுத்திக்கொண்டார். ஊசிமுனை அக்கா, உங்களுக்கு ஓர் ஆர்டர் தவறிவிட்டது.

தூங்காமூஞ்சி:
அந்தக் கதாயுதத்தை யாரும் தொடவில்லையே.

ஏட்டுச்சுவடி:
எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான், கடைசிக்கு வைத்திருந்தேன். அது நிஜமான ஆயுதமாகத் தொடங்கியது. இரும்புத் தகடுகள் வைத்த தலை, கவசத்தையே நசுக்கும். மன்னரின் காவலர்கள் அதை ஏந்தினார்கள், கைப்பிடியின் அடி நுனியில் சின்னதாக அரச முத்திரை பொறித்திருக்கும். கைது செய்யப் போகும்போது அதுதான் அடையாள அட்டை. ஆகவே ஜனத்துக்கு முத்திரையைக் காட்ட ஆயுதத்தைத் தலைகீழாகப் பிடித்தார்கள். காலப்போக்கில் முத்திரை வைத்த நுனி பெருத்துக் கிரீடம் ஆனது, அடிக்கிற தலை சிறுத்து அடியில் வெறும் அலங்காரக் குமிழ் ஆனது. இன்று ஊர்வலத்தில் தோளில் சாத்திக்கொண்டு போவது, முறைப்படி பார்த்தால், தலைகீழாகப் பிடித்த ஆயுதம்.

லண்டன் மேயருக்கு முன் வாள் ஏந்திப் போகும் ஊழியரின் ரோமத் தொப்பிக்குள் ஒரு சின்னப் பை உண்டு. பழைய முத்திரைப் பெட்டிச் சாவி வைக்கும் இடம்.

பட்டணத்துப்பறவை:
தொப்பி என்றதும் வெனிஸ். அங்கே ஆட்சித் தலைவரான டோஜேவுக்குக் கொம்பு வடிவத் தொப்பி, அதற்கு அடியில் மெல்லிய லினன் குல்லாய். 1797 மே 12இல் நெப்போலியன் படைக்கு அஞ்சி மாமன்றம் தன்னையே கலைத்துக்கொண்டது. கடைசி டோஜே லுடோவிகோ மானின் தன் அறைக்கு வந்து குல்லாயைக் கழற்றி வேலையாளிடம் கொடுத்து, இதை எடுத்துப் போ, இனி எனக்குத் தேவைப்படாது என்றாராம். ஆயிரம் வருடத்துக் குடியரசு ஒரு துணிக் குல்லாயோடு போய்விட்டது.

தூங்காமூஞ்சி:
சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். பிரெஞ்சுப் பட்டை எனக்குப் புரிகிறது. வேலை நேரத்தில் போடு, முடிந்ததும் மடித்து வை. இங்கிலாந்து மேயர்தான் இன்னும் ஒட்டவில்லை. அங்கே பெரும்பாலான மேயர்களுக்குக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது தவிர அதிகாரமே இல்லை என்று படித்தேன். அதிகாரம் குறையக் குறையச் சங்கிலி கனக்கிறதா?

கலகக்குரல்:
அதைவிட வேடிக்கை சொல்கிறேன். 1974 ஏப்ரல் 1ஆம் தேதி அங்கே உள்ளாட்சியை மாற்றி அமைத்தார்கள், பழைய நகராட்சிகள் பல ஒரே நாளில் காணாமல் போயின. மன்றம் இல்லை, நிர்வாகம் இல்லை. ஆனால் சங்கிலி, அங்கி, கதாயுதம் எல்லாம் பெட்டியில் இருக்கின்றன. அந்தச் சொத்தையும் மேயர் என்ற பட்டத்தையும் காப்பாற்றுவதற்காகவே சில ஊர்களில் சாசன அறங்காவலர்கள் என்று ஓர் அமைப்பை வைத்தார்கள். ஆளுவதற்கு ஊராட்சி இல்லை, சங்கிலி போட ஒரு மேயர் மட்டும் உண்டு. இதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள், ஏட்டுச்சுவடி?

ஏட்டுச்சுவடி:
ஊரின் பெயரை வரைபடத்திலிருந்து எடுத்தாலும் அங்கே வாழ்பவர்கள் ஊர் என்று நினைப்பதை எடுக்க முடியவில்லை என்று சொல்வேன். நீங்கள் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள்.

கலகக்குரல்:
மாட்டேன். அது நினைவுநாள் அனுசரிப்பு, பதவி அல்ல.

ஊசிமுனை:
நீங்கள் இருவரும் அடித்துக்கொண்டிருங்கள். அந்த அறங்காவலர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: பெட்டியில் ரோமத்துக்குள் பூச்சி விழாமல் என்ன வைக்கிறார்கள்? என் அங்கியில் ரோமம் செயற்கைதான், ஆனாலும் போன மாதம் எடுத்துப் பார்த்தால் உள் கழுத்துப் பட்டையில் வைத்த கம்பளியை முழுக்கத் தின்றுவிட்டிருந்தது.

சாயத்தொட்டி:
வேப்பிலையும் கிராம்பும் துணிப் பொட்டலமாகக் கட்டி வையுங்கள், ஆனால் துணியில் நேராகப் படக்கூடாது, கறை பிடிக்கும். மடித்து வைக்காமல் தொங்கவிட முடிந்தால் இன்னும் நல்லது. வெல்வெட்டில் மடிப்புத் தடம் விழுந்தால் போகாது.

ஊசிமுனை:
தொங்கவிட்டால் பாரத்தில் தோள் பக்கம் இழுத்துக்கொள்கிறது. தட்டையாகப் போடப் பெரிய பெட்டி வேண்டும். பார்க்கிறேன்.